அறுத்து வாங்கும் அழகு

ஒரு பவுன் நகை வாங்க நாம் பத்துக் கடை ஏறி இறங்குகிறோம். முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். சேதாரம் எவ்வளவு, செய்கூலி எவ்வளவு என்று துருவிக் கேட்டுக் கடைக்காரரின் பொறுமையைச் சோதிக்கிறோம். வாங்கிய நகை பிடிக்காவிட்டால் மறுநாளே மாற்றிக் கொள்ளவும் செய்கிறோம். ஆனால், ஒருமுறை அறுத்தால் மறுபடி ஒட்டவைக்க முடியாத உடம்பைக் கத்திக்குக் கொடுக்கும் காரியத்தில் மட்டும் ஒரு விளம்பரத்தையும், கைப்பேசியில் வந்த இரண்டு படங்களையும் நம்பி முன்பணம் கட்டிவிடுகிறோம். இந்த விபரீதத்தைக் குறித்து வாய் திறந்து பேச வேண்டிய காலம் வந்துவிட்டது என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

உடலின் வடிவத்தைத் திருத்துவதற்கென்று செய்யப்படும் அறுவைகள் பலவகைப்படும். தோலுக்கடியில் உள்ள கொழுப்பைக் குழாயிட்டு உறிஞ்சி எடுப்பது ஒன்று. இதனை லைப்போசக்ஷன் என்பர். அடிவயிற்றில் தொங்கும் தோலையும் கொழுப்பையும் அறுத்தெடுத்து, தளர்ந்த தசைகளை இழுத்துத் தைப்பது மற்றொன்று. மக்கள் வழக்கில் இது டம்மி டக். கைகளிலும் தொடைகளிலும் மிகுந்து தொங்கும் தோலை நீக்குவதும், ஓரிடத்துக் கொழுப்பை எடுத்து இன்னோரிடத்தில் ஏற்றுவதும் இவ்வகையைச் சேர்ந்தவையே. முன்பு திரைப்பட நடிகையரின் பேச்சோடு நின்றிருந்த இந்தச் சொற்கள், இன்று நடுத்தரக் குடும்பங்களின் திருமணப் பேச்சுக்குள்ளும் நுழைந்துவிட்டன.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறோம். அறுவை மருத்துவக் கலைக்கு நாம் பகைவர் அல்லர். சிதைந்த உடலைச் சீராக்கும் மருத்துவர்களை வணங்கத்தக்க மனிதர்களாகவே கருதுகிறோம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் இறுதியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி நிமிர்த்தினார். அழிந்த மூக்கையும் உதிர்ந்த புருவத்தையும் கூட மீட்டுக் கொடுக்க முற்பட்டார். விரல் நிமிர்ந்த பிறகும் அந்த முகத்தைக் கண்டு ஊர் ஒதுக்குகிறதே என்பதை அவர் கண்டிருந்தார். தோற்றத்தைத் திருத்துவது எல்லாம் வீண் பகட்டு என்று சொல்பவர், அந்த நோயாளிகளின் முன் நின்று அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

நம் மார்க்க வரலாறும் இதையே காட்டுகிறது. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்குச் செய்து பொருத்தினார்கள். அது துர்நாற்றம் எடுத்தபோது, ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும், பொன்னால் மூக்குச் செய்துகொள்ள நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதி அளித்தார்கள். குறையைப் போக்குவது வேறு. குறையில்லாத இடத்தில் குறை கற்பித்துக் கத்தியை அழைப்பது வேறு. நம் நாட்டின் வரிச் சட்டமும் கூட இந்த வேறுபாட்டை அறியும். மருத்துவச் சேவைகளுக்குச் சரக்கு சேவை வரியிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அழகுக்கான அறுவைக்கு அந்த விலக்கு இல்லை. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம், விபத்து இவற்றால் கெட்ட உறுப்பைச் சீராக்கும் அறுவைக்கே உண்டு. வரி வசூலிக்கும் அதிகாரிக்குத் தெரிந்த வேறுபாடு வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாமற் போகலாமா?

ஆகவே, உடற்பருமனுக்காக இரைப்பை அறுவை செய்து ஐம்பது அறுபது கிலோ இளைத்தவருக்குத் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கி, அந்த மடிப்புகளில் புண்ணும் பூஞ்சையும் பிடித்து நடக்கவே இயலாதபோது அதை அறுத்தெடுப்பதை நாம் குறை கூறவில்லை. பல பேறுகளால் வயிற்றுத் தசைகள் நடுவில் பிரிந்து, குடலிறக்கமும் சேர்ந்து வருந்தும் தாய்க்குச் செய்யும் அறுவையையும் நாம் மறுக்கவில்லை. 1899ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் டாக்டர் கெல்லி என்பார் வயிற்றின் மிகைத்தோலை அகற்றிய செய்தியை மருத்துவ ஏட்டில் பதிந்ததும், தொங்கும் வயிற்றின் பாரம் தாங்காத ஒரு நோயாளிக்குச் செய்த அறுவையைப் பற்றித்தான். துன்பம் தீர்க்கப் பிறந்த கலை அது. அதனைச் சந்தைக்குக் கொண்டுவந்து, துன்பமே இல்லாதவரிடத்துத் துன்பத்தை உண்டாக்கி விற்கிறார்களே, அந்த வாணிபத்தோடுதான் நமக்கு வழக்கு.

அந்த வாணிபம் சொல்லும் முதற் பொய், இதனால் உடல் இளைக்கும் என்பது.

கொழுப்பு உடலில் இரண்டு இடங்களில் தங்குகிறது. தோலுக்கு அடியில் தங்குவது ஒன்று. வயிற்றுத் தசைகளுக்கு உள்ளே, குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து தங்குவது மற்றொன்று. உறிஞ்சு குழாய் முதலாவதைத்தான் தொடும். இரண்டாவதைத் தொடவே முடியாது; தொட முயன்றால் குடல் கிழியும். நீரிழிவுக்கும் மாரடைப்புக்கும் மிகுதியும் வழிகோலுவது அந்த இரண்டாவது கொழுப்பே. நம்மவரில் நடுவயது ஆண்கள் சுமக்கும் தொந்தியில் பெரும்பகுதி உள்ளே இருக்கும் இந்தக் கொழுப்புத்தான். ‘ஒரே நாளில் தொந்தி போகும்’ என்று வாக்களிப்பவர் எந்தத் தொந்தியைச் சொல்கிறார்?

2004ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து ஆய்வாளர்கள், பருமனான 15 பெண்களிடம் பெருமளவு கொழுப்பை உறிஞ்சி எடுத்துப் பார்த்தார்கள். பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்துச் சோதித்தபோது, இன்சுலின் செயற்பாட்டிலோ, இரத்த அழுத்தத்திலோ, இரத்தக் கொழுப்பிலோ குறிப்பிடத்தக்க நன்மை எதையும் அவர்கள் காணவில்லை. அதே அளவு கொழுப்பை உணவையும் உழைப்பையும் கொண்டு கரைத்திருந்தால் இவை யாவும் சீர்பட்டிருக்கும். 2011இல் கொலராடோ பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: தொடையிலும் அடிவயிற்றிலும் உறிஞ்சிய கொழுப்பின் அளவு ஓராண்டுக்குள் உடலில் திரும்பச் சேர்ந்துவிட்டது, தொடையில் அன்று, மேல்வயிறு முதலான வேறிடங்களில். வாடகைக்கு இருந்தவனை ஒரு வீட்டிலிருந்து விரட்டினால் அவன் பக்கத்து வீட்டில் குடியேறுகிறான். இதற்குப் பெயர் இளைப்பதா?

நல்ல மருத்துவர்கள் இதை மறைப்பதில்லை. உடல் எடை ஏறத்தாழச் சரியாக இருப்பவருக்கு, உடற்பயிற்சிக்கும் கரையாத ஓரிரு இடங்களைத் திருத்துவதற்கே இம்முறை பொருந்தும் என்றும், குறைந்தது ஆறு மாதமாவது எடை ஏறாமல் இறங்காமல் நிலைபெற்ற பின்னரே இதைப்பற்றிப் பேச வேண்டும் என்றும் அவர்கள் கூறுகிறார்கள். இவ்வளவும் அறிந்துதான் நம் குடும்பங்கள் அங்கே போகின்றனவா?

இரண்டாவது பொய், ‘இது சின்ன வேலை’ என்பது. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்கிறார்கள். திரும்பியவர்கள் உண்டு, திரும்பாதவர்களும் உண்டு.

1920களில் பிரான்சு நாட்டில், கால்கள் மெலிந்து காணவேண்டும் என்று விரும்பிய ஓர் இளம்பெண்ணுக்குச் சதையைச் சுரண்டி எடுத்தார் ஒரு மருத்துவர். கால் அழுகிற்று, காலையே வெட்டி எடுக்க நேர்ந்தது. அந்த விபரீதத்துக்குப் பின் நெடுங்காலம் இம்முயற்சியைத் தொட அஞ்சினர். 1970களின் நடுவில் இத்தாலியில் ஃபிஷர் என்ற தந்தையும் மகனும், அதன்பின் பாரிசில் இலூஸ் என்பாரும் உறிஞ்சு குழாய் முறையை உருவாக்கினர். 1980களில் கலிபோர்னியாவின் டாக்டர் கிளைன், மரத்துப்போகும் மருந்தைப் பெருமளவு நீரில் கலந்து தோலுக்கடியில் நிரப்பி உறிஞ்சும் வழியைக் கண்டார். இரத்த இழப்பு வெகுவாகக் குறைந்தது. கலை வளர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆபத்து ஒழிந்துவிட்டது என்பதில்தான் ஐயம்.

அந்த மரப்பு மருந்து அளவு மிஞ்சினால் மூளையையும் இதயத்தையும் தாக்கும். அதன் உச்ச அளவு இரத்தத்தில் சேர்வது அறுவை மேசையில் அன்று. பல மணி நேரம் கழித்து, நோயாளி வீட்டுக் கட்டிலில் படுத்திருக்கும் வேளையில். ஐந்து லிட்டருக்கு மேல் உறிஞ்சினால் உடலின் நீர்நிலையே தடுமாறக்கூடும். அத்தகையோரை எல்லா வசதியும் உள்ள மருத்துவமனையில் இரவு முழுவதும் கண்காணிக்க வேண்டும் என்பது அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. கால் நரம்புகளில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்வது மற்றோர் ஆபத்து. வயிற்றுத் தோலை நீக்கும் அறுவையில், அதிலும் ஒரே மயக்கத்தில் இரண்டு மூன்று அறுவைகளைச் சேர்த்துச் செய்யும்போது, இந்த ஆபத்து கூடுகிறது. ஓரிடத்துக் கொழுப்பை எடுத்து உடலின் பின்புறத்தில் ஏற்றும் அறுவையைப் பற்றி 2018இல் பல நாட்டு மருத்துவர் சங்கங்கள் கூடி எச்சரித்தன. அவ்வாறு செய்துகொண்டவரில் மூவாயிரம் பேருக்கு ஒருவர் வரை இறந்திருக்கக்கூடும் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. தசைக்குள் ஏற்றிய கொழுப்பு பெரிய இரத்தக் குழாய்க்குள் புகுந்து நுரையீரலை அடைத்ததே காரணம் என்று கண்டு, தோலுக்கடியில் மட்டுமே ஏற்றவேண்டும் என்று விதித்தனர். அதே ஆண்டில் பிரிட்டனின் அழகியல் அறுவை மருத்துவர் சங்கம், இந்த அறுவையையே நிறுத்திவைக்குமாறு தன் உறுப்பினரைக் கேட்டுக்கொண்டது.

‘ஏழைகளுக்கு மட்டமான இடத்தில் நடக்கிற விபத்து இது, எங்களிடம் பணம் இருக்கிறது’ என்பாரும் உளர். 2005 அக்டோபரில் ஸ்பெயின் நாட்டில் வயிற்றுக் கொழுப்பை எடுக்கும் அறுவைக்குப் பின் உயிரிழந்தவர் யார் தெரியுமா? அன்றைய நைஜீரியக் குடியரசுத் தலைவரின் துணைவியார். அவருக்கு இல்லாத பணமா? அம்மருத்துவருக்கு 2009இல் அந்நாட்டு நீதிமன்றம் தண்டனை விதித்தது. போன உயிர் வந்ததா? 2007 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில், உலகப் புகழ்பெற்ற பாடகர் ஒருவரின் தாயார், 58 வயதுப் பேராசிரியை, ஒரே வேளையில் பல அழகு அறுவைகளைச் செய்துகொண்ட மறுநாள் மாண்டார். இதய நோயும் அறுவைக்குப் பிந்திய கோளாறுகளும் சேர்ந்து நேர்ந்த மரணம் என்றது பிணக்கூறாய்வு. இவை கடல் கடந்த செய்திகள் எனில், பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். 2022 மே மாதம் பெங்களூரில் கொழுப்பு அகற்றச் சென்ற தொலைக்காட்சி நடிகை ஒருவர் உயிரிழந்தார். அவருக்கு வயது 21. பெற்றோருக்குச் சொல்லாமலே அவர் சென்றிருந்தார் என்று செய்திகள் கூறின.

ஒவ்வோர் அறுவையும் மரணத்தில் முடிகிறது என்று நாம் பூச்சாண்டி காட்டவில்லை. தகுதியுள்ள கைகளில், தகுதியான நோயாளிகளுக்கு நடப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை நலமாகவே முடிகின்றன. ஆனால் குடல்வால் வெடிக்கும் நிலையில் இருப்பவர் ஏற்கும் ஆபத்து வேறு; நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர் வலியச் சென்று ஏற்கும் ஆபத்து வேறு. முன்னவருக்கு அறுவை செய்யாமையே ஆபத்து. பின்னவருக்குச் செய்யாமையால் ஓர் ஆபத்தும் இல்லை. தம் கைகளாலேயே தமக்கு அழிவைத் தேடிக்கொள்ளலாகாது என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் இந்தத் தராசை ஒருமுறையேனும் தூக்கிப் பார்க்க வேண்டாமா?

மூன்றாவது பொய், சொல்லாமல் விடுவதால் உண்டாகும் பொய். முன்னும் பின்னுமாக இரண்டு படங்களைக் காட்டுகிறார்கள். நடுவில் உள்ள வாரங்களைக் காட்டுவதில்லை. வயிற்றுத் தோல் அறுவைக்குப் பின் இடுப்பின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் வரை நீண்ட தழும்பு நிலைத்திருக்கும். மங்கும், மறையாது. காயத்தில் சேரும் நீரை வடிக்கக் குழாய் பொருத்தியிருப்பார்கள். சில நாள் நிமிர்ந்து நடக்க இயலாது. பல வாரம் இறுக்கமான கச்சை அணிய வேண்டும். பாரம் தூக்கக் கூடாது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் தாய்க்கு இது எத்தகைய இடர்! தோலின் சில இடங்களில் உணர்ச்சி குன்றிப் போகலாம். உறிஞ்சிய இடம் மேடும் பள்ளமுமாக நின்று, திருத்துவதற்கென்று மறுபடி அறுக்க நேரலாம். பிறகு கருவுற்றால் இழுத்துத் தைத்த வயிறு மீண்டும் தளரும். பொதுவாக மருத்துவக் காப்பீடும் அழகு அறுவையின் செலவை ஏற்பதில்லை. நகையை அடகு வைத்தும் தவணைக்குக் கடன்பட்டும் இதைச் செய்துகொள்பவர், பின்னர் ஏதேனும் கோளாறு நேர்ந்தால் அந்தச் செலவுக்கு எங்கே போவார்?

இனி நம் வீட்டுக்குள் வருவோம். வாணிபனை மட்டும் ஏசிவிட்டு நிறுத்திக்கொண்டால் நாம் பாதி உண்மையையே எழுதியவராவோம். கடை விரித்தவன் அவன். வாடிக்கையாளரை அனுப்பி வைப்பவர் யார்?

பெண் பார்க்க வருகிறார்கள். பெண்ணின் கல்வியைக் கேட்பதில்லை. ஓதத் தெரியுமா என்று கூடக் கேட்பதில்லை. ‘கொஞ்சம் பூசின மாதிரி இருக்கே’ என்று மாமி ஒருத்தி வாய்க்குள் முனகுகிறாள். அந்த ஒரு சொல் அந்தப் பெண்ணின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்து நிற்கிறது. மூன்று பிள்ளை பெற்றவளை, வெளிநாட்டில் இருக்கும் கணவன் கைப்பேசித் திரையில் பார்த்து, ‘ஏன் இப்படி ஆகிவிட்டாய்?’ என்று கேட்கிறான். அவன் பிள்ளைகளைச் சுமந்ததால் தளர்ந்த வயிறு அது என்பது அவனுக்கு நினைவில்லை. மஹர் கொடுத்துப் பெண்ணை மணக்கச் சொன்ன மார்க்கத்தில் பிறந்துவிட்டு, சீதனமும் கேட்டு, இப்போது பெண்ணின் சதையையும் அறுத்துக் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டோமா? அத்தகைய மணவாழ்வுக்காகத் தன் உயிரைப் பணயம் வைக்க எந்தப் பெண்ணுக்கும் கடமையில்லை. அறுவைக்கான ஒப்புதல் தாளில் கையெழுத்து அவளுடையதாக இருக்கலாம். அந்தக் கையைப் பிடித்து எழுத வைத்தவர் பலர்.

இன்னொன்றும் கேட்கிறோம். பேறுகாலம் முடிந்து நாற்பது நாளும் அதற்கு மேலும் நெய்யும் இறைச்சியுமாய் ஊட்டி, அவளை எழுந்து நடக்கவும் விடாமல் வைத்திருப்பவர்கள் நாம். மாலையில் அவள் நான்கு தெரு நடந்துவர நினைத்தால், ‘பெண்பிள்ளைக்கு வீதியில் என்ன வேலை?’ என்பவர்களும் நாம். விருந்து என்றால் பிரியாணியும், மேலே இனிப்பும், விருந்து இல்லாத நாளில் மிச்சமும் என்று வளர்ப்பவர்களும் நாமே. நடப்பதற்கு இடம் தராத சமுதாயம், அறுப்பதற்குப் பணம் தருகிறது! இதைவிட முரண்பாடு வேறு உண்டா?

ஆண்களும் இதற்கு விலக்கல்லர். மார்பு பெண்ணைப்போல் இருக்கிறதென்று நாணி, சட்டையைக் கழற்ற அஞ்சும் வாலிபர்கள் பலர். அவர்களின் வேதனை மெய்யானது. அதை ஏளனம் செய்யாதீர். ஆனால் பருவ வயதில் தோன்றும் அந்த வீக்கம் பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டில் தானே வற்றிவிடும். சில மருந்துகளாலும், சுரப்பிக் கோளாறுகளாலும் அது வருவதுண்டு. காரணத்தை ஆராயாமல் பதினாறு வயதுப் பிள்ளையைக் கத்தியிடம் அழைத்துச் செல்லும் தகப்பனார் அவசரப்படுகிறார்.

‘உடல் எனது, பணம் எனது, மனநிறைவுக்காகச் செய்கிறேன், உமக்கென்ன?’ என்று கேட்பவருக்கும் மறுமொழி சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். உடல் அல்லாஹ் தந்த அமானிதம் என்பது நம் நம்பிக்கை. அதை ஒப்பாதவருக்கும் ஒரு மருத்துவ உண்மையைச் சொல்வோம். இல்லாத குறையைத் தன் உடலில் கண்டு, அல்லது அற்பக் குறையை மலையாக்கி, அல்லும் பகலும் அதே நினைவாய் உழலும் மனநோய் ஒன்று உண்டு. அத்தகையோருக்கு அறுவை நிறைவு தருவதில்லை. ஓரிடம் திருந்தியதும் அவர்கள் கண் இன்னோரிடத்துக்குத் தாவும். அதனால்தான் நேர்மையான மருத்துவர், வந்தவரின் மனநிலையையும் விசாரிக்கிறார். சிலரைச் செய்ய மறுத்துத் திருப்பி அனுப்புகிறார். ஒருவரையும் திருப்பி அனுப்பியறியாத மருத்துவரிடம் நீங்கள் சிக்கியிருந்தால், அங்கிருந்து நீங்களே திரும்பிவிடுவது நன்று.

‘சுர்மா இடுவதும், மருதாணி பூசுவதும், நல்லாடை உடுத்துவதும் அழகுக்குத்தானே? அவற்றை மார்க்கம் தடுக்கவில்லையே’ என்று வாதிடுவர். உண்மை, தடுக்கவில்லை, விரும்பவும் செய்கிறது. ஆனால் மருதாணி பூசி நுரையீரல் அடைத்து மாண்டவர் இல்லை. 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ரஜயாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி இதனை ஆழ்ந்து ஆராய்ந்தது. பிறவிக் குறை, விபத்து, நோய் ஆகியவற்றால் நேர்ந்த கேட்டைச் சீராக்குவதை அனுமதித்தது. மருத்துவத் தேவையின்றி, இச்சைக்காகப் படைப்பை மாற்றுவதை விலக்கியது. கொழுப்பை உறிஞ்சுவதைப் பற்றியும் தனியே கூறியது: பருமன் நோயாக இருந்து, வேறு வழி இல்லாமலும், தீங்குக்கு இடமில்லாமலும் இருந்தால் ஆகும் என்றது. மருத்துவம் வகுத்த எல்லையும் மார்க்கம் வகுத்த எல்லையும் பெரிதும் அருகருகே ஓடுவதைக் காண்கிறோம்.

ஆயினும் இதை வைத்துக்கொண்டு, ஏற்கெனவே செய்துகொண்டவர்களை ‘ஹராம் செய்தவள்’ என்று தூற்றக் கிளம்புவோருக்கும் நம் கண்டனம் உண்டு. ஏச்சுக்கு அஞ்சுபவர் செய்வதை நிறுத்துவதில்லை, சொல்வதை நிறுத்திவிடுகிறார். தாய்க்குத் தெரியாமல், கணவனுக்குத் தெரியாமல், வெளியூர் போய் அறுத்துக்கொண்டு வந்து, மூச்சுத் திணறும்போதும் ‘வாயு’ என்று சொல்லிப் படுத்திருக்கும் பெண்ணை, அந்த இரகசியமே கொன்றுவிடும். பேசக்கூடிய வீடாக நம் வீடுகள் இருந்தால், பாதி அறுவைகள் பேச்சிலேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதி பாதுகாப்பாக நடக்கும்.

எல்லாம் கேட்ட பின்னும் ஒருவர் இது தமக்கு வேண்டும் என்று முடிவு செய்வாரேயானால், அவர் கேட்டாக வேண்டியவற்றைச் சொல்லி விடுகிறோம்.

கத்தி பிடிப்பவர் யார்? எம்.பி.பி.எஸ்., அதன்மேல் பொது அறுவையில் எம்.எஸ்., அதன்மேல் பிளாஸ்டிக் அறுவையில் எம்.சிஎச். அல்லது அதற்கு நிகரான பட்டம் என்று பல ஆண்டு கற்றவரா? அல்லது சில வாரப் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டியவரா? தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் அவர் பெயர் பதிவாகியுள்ளதா? இடம் எது? தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997இலேயே இயற்றப்பட்டது. அதன்கீழ் அது பதிவு பெற்றதா? மயக்க மருந்து நிபுணர் அறுவை முடியும் வரை உடன் இருப்பாரா? தீவிர சிகிச்சைப் பிரிவு அந்தக் கட்டடத்திலேயே இருக்கிறதா, அல்லது ஆம்புலன்ஸ் தேடி ஓட வேண்டுமா? எத்தனை லிட்டர் எடுக்கப் போகிறார்? எத்தனை அறுவைகளை ஒரே நாளில் செய்யப் போகிறார்? இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் எடுப்பவர் மருத்துவரா, விற்பனைப் பிரிவுப் பெண்ணா?

பிறகு தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியவை. இரத்தசோகை உண்டா? நம் பெண்களில் அது மிகுதி. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? இதயம் சோதிக்கப்பட்டதா? தமக்கோ குடும்பத்தாருக்கோ இரத்தம் உறையும் நோய் இருந்ததா? கருத்தடை மாத்திரையும் இரத்தம் நீர்க்கும் மாத்திரையும் உட்கொள்வதை மருத்துவரிடம் சொன்னீர்களா? பீடி, சிகரெட் பிடிப்பவர் பல வாரம் முன்பே அதை நிறுத்தினாரா? நிறுத்தாதவரின் தோல் தைத்த இடத்திலேயே அழுகக்கூடும். இனிப் பிள்ளைப்பேறு வேண்டாம் என்று முடிவாகிவிட்டதா? இரைப்பை அறுவை செய்தவராயின் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கடந்து எடை நிலைத்துவிட்டதா? எல்லாவற்றுக்கும் மேலாக, இது யாருக்காக? உலகில் வேறு எவரும் பார்க்கமாட்டார் என்றாலும் இதைச் செய்துகொள்வேனா?

‘இன்றே பணம் கட்டினால் தள்ளுபடி’ என்பவரிடம் ஒரு காசும் கட்டாதீர். வேறு மருத்துவர் ஒருவரிடமும் கருத்துக் கேளுங்கள். சில வாரம் ஆறப்போடுங்கள். செய்துகொண்ட பின் மூச்சுத் திணறலோ, நெஞ்சு வலியோ, ஒரு காலில் மட்டும் வீக்கமோ, காய்ச்சலோ, மனத் தடுமாற்றமோ கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். வீட்டில் ஒருவருக்கேனும் முன்கூட்டியே உண்மை தெரிந்திருக்கட்டும்.

சமுதாயத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் ஊர்களில் ஆண்டில் பல நாள் பூட்டிக் கிடக்கும் திருமண மண்டபங்கள் உண்டு. அவற்றின் முற்றத்தை விடியலிலும் மாலையிலும் ஒரு மணி நேரம் பெண்கள் நடப்பதற்குத் திறந்துவிடுங்கள். செலவு, ஒரு விளக்கும் ஒரு காவலாளும். ஜும்ஆ மேடையில் ஒரு வாரம், பெண் பார்க்கப் போகும் வீடுகளில் நாவடக்கம் என்பதைப் பேசுங்கள். மணமகனின் தாய்மார்களே, உங்கள் மகன் கட்டிக்கொள்ளப் போவது ஒரு மனுஷியை என்பதை நினைவில் வையுங்கள். பிறர் மகளின் இடுப்பை அளக்கும் கண், தன் மகளின் இடுப்பை இன்னொருத்தி அளக்கும்போது கலங்கும்.

அழகைப் படைத்தவன் அளவோடுதான் படைத்திருக்கிறான். அதில் ஒருவருக்கும் ஒரே அச்சு இல்லை. நோய் என்றால் மருத்துவரிடம் போவோம், தயங்க மாட்டோம். ஆனால் ஊரார் சொல்லுக்கு மருந்து அறுவை மேசையில் இல்லை. அது ஊராரின் வாயைத் திருத்துவதில் இருக்கிறது. அதைத் திருத்தும் வேலையை நம் வீட்டு நடுக்கூடத்திலேயே தொடங்குவோம்.